குண்டு பட்ட கல்லும் போடாத எஃப்.ஐ.ஆரும்: செயின்ட் பால் வபாஷா தெரு குகைகள்

"மாமா, உங்களுக்குன்னே ஒரு இடம் பிடிச்சிருக்கேன். பழைய ரவுடிங்க வந்து போன குகை" என்று மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 32 வருஷம் போலீஸ் வேலை. அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டராக எஃப்.ஐ.ஆர், ஜி.டி. என்கிற தினக்குறிப்பு, சம்பவ இடத்து மகஜர் என்று எழுதித் தள்ளியே போனது. ரிட்டயராகி மினசோட்டாவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்தால், இங்கேயும் ரவுடியா? ஆனால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாலு பேருக்குமான செலவு குடும்பத்தோடு சினிமாவுக்குப் போவதைவிடக் குறைவு என்று மகள் கணக்குச் சொன்னாள். சரி என்று கிளம்பினோம்.

மகள் வீடு இருக்கும் ஈகனிலிருந்து கார் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடியது. செயின்ட் பால் நகரின் மையத்தைத் தாண்டி மிசிசிப்பி பாலத்தைக் கடந்தால், தென்கரையில் மேடு செங்குத்தாக நிற்கிறது. மேலே மரமும் புல்லும். அந்த மேட்டின் வயிற்றில் செங்கல் வைத்து, கதவு வைத்து, ஒரு முகப்பு. கோட்டை வாசல் ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்து மலையில் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. வெளியே ஜூலை வெயில், 30 டிகிரிக்கு மேல். கதவைத் திறந்து பத்து அடி வைத்ததும் என் சட்டைக்குள் ஐஸ் கட்டியைப் போட்ட மாதிரி. மகள் எடுத்து வைத்த ஸ்வெட்டரை "கோடையில எதுக்கும்மா இது" என்று காரிலேயே விட்டுவிட்டு வந்தது என் தப்பு. முன்பக்க ஹால்கள் தாங்கும்படிதான் இருக்கின்றன. உள்ளே போகப் போகத்தான் குளிர் காலில் ஏறுகிறது. இந்த ஆற்றங்கரை மேட்டுக்குள் இயற்கையாக 10, 11 டிகிரிதான் இருக்குமாம், கோடையானாலும் பனிக்காலமானாலும்.

போவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர்தான் குகை. கூரையிலிருந்து கல் விழுது தொங்கும், ஊற்று ஓடும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இது மனிதன் கையால் தோண்டிய மணல் சுரங்கம். 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி செய்ய சிலிக்கா மணல் எடுத்திருக்கிறார்கள். எங்களைக் கூட்டிப் போன அம்மா அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும், கறுப்புத் தொப்பி, உதட்டில் சிவப்புச் சாயம், குரல் மட்டும் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி மாதிரி கணீரென்று. என் இங்கிலீஷுக்கே பாதிக்கு மேல் புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை மகள் காதில் ஓதினாள்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூச்சு இல்லாத ஒரு இடத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது. கைக்குட்டையில் விழுந்ததை வெளிச்சத்தில் பிடித்தால் நம்ம ஆற்று மணல் மாதிரி அழுக்கு நிறம் கிடையாது. ஜீனி. ரேஷன் கடை ஜீனியைவிடப் பொடியான, வெள்ளையான, உருண்டை உருண்டையான மணல். 45 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம், அதன் கரை மணலாம் இது. இறுகியும் இறுகாத கல். அதனால்தான் வெடி வைக்காமல் கடப்பாரையும் மண்வெட்டியும் போதுமாக இருந்திருக்கிறது. இதே ஊரில் ஃபோர்டு கம்பெனி 1920-களில் கார் ஆலை கட்டியபோது, ஆலைக்குக் கீழேயே சுரங்கம் வெட்டி, இதே மணலை எடுத்து, காருக்குக் கண்ணாடி செய்திருக்கிறது. நான் சுவரைக் கீறியதை அந்த அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த அறையில் "தயவுசெய்து சுவரை எடுத்துப் போகாதீர்கள்" என்று பொதுவாக ஒரு ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டே.

மணல் எடுத்து முடிந்த பொந்துகளில் காளான் வளர்த்த கதை வந்ததும் என் வீட்டுக்காரி முன்வரிசைக்குப் போய்விட்டாள். ஊரில் மகளிர் குழுவில் காளான் பயிற்சி எடுத்து, கொல்லைக் கொட்டகையில் வைக்கோல் பை தொங்கவிட்டு, மூன்று வருஷம் சிப்பிக் காளான் விற்றவள். "ஏங்க, இது மொட்டுக் காளானாத்தான் இருக்கும். அதுக்குத்தான் குளிரும் எருவும் வேணும். நம்ம வெயில்ல வராதுன்னு டீச்சர் சொல்லுவாங்கல்ல" என்றாள். மகள் கேட்டுச் சொன்னாள்: குதிரைச் சாணத்தை மக்க வைத்துப் பாத்தி போட்டார்களாம். கார் வருவதற்கு முந்தைய ஊரில் குதிரைச் சாணத்துக்கா பஞ்சம்? இருட்டு இலவசம், குளிர் இலவசம், எரு கிட்டத்தட்ட இலவசம். இதே மேட்டில் வேறு பொந்துகளில் பாலாடைக்கட்டி பதப்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். 1930-களில் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், பிரான்ஸில் மட்டும்தான் வரும் என்று நினைத்த நீலப் பூஞ்சைக் கட்டியை இங்கே பழுக்க வைத்திருக்கிறார். அதை மருமகனுக்கு வாங்கித் தின்னப் பிடிக்கும். எனக்கு வாடையே ஆகாது.

அப்புறம்தான் நாங்கள் வந்த விஷயம். காளான் வளர்த்த லேமன் குடும்பம் 1933 அக்டோபர் 26-ஆம் தேதி இதே பொந்தை 'கேஸில் ராயல்' என்ற இரவு விடுதியாகத் திறந்தது. அமெரிக்காவில் அப்போதிருந்த மதுவிலக்கு முழுசாக நீங்க ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி. அதற்கு முன் 1920-களிலேயே இங்கே கள்ளத்தனமாகச் சரக்கு ஓடியது என்று பேச்சு. விடுதிக்கு மாட்டிய சரவிளக்குகள் மினியாபொலிஸில் அப்போதுதான் இடித்த சார்லஸ் கேட்ஸ் மாளிகையில் இருந்து வந்தவை. அந்த மாளிகைக்கே ஒரு கதை உண்டு: வீட்டுக்கு ஏசி போட்டதில் உலகத்திலேயே முதல் வீடு என்பார்கள், ஆனால் கட்டிய மனிதர் குடியேறும் முன்பே 1913-ல் செத்துப்போனார். ஏசி வைத்த வீட்டு விளக்கு, ஏசி தேவைப்படாத குகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடன மேடை, நீளமான பார், வளைவு வளைவாகக் கூரை. வியாழக்கிழமை இரவுகளில் இப்போதும் பேண்டு வாசித்து ஆடுகிறார்கள். கல்யாணமும் நடக்கிறதாம். கல்யாண மண்டபமாக யோசித்தால் நல்ல இடம்தான், பந்தி பரிமாற மட்டும் கொஞ்சம் இடுக்கு.

ஒரு கணப்படுப்பு இருக்கிறது. எல்லோரும் போனைத் தூக்குவது அங்கேதான். கல்லில் சில்லு பெயர்ந்த குழிகள். 1930-களில் ஒரு ராத்திரி, கடை மூடிய பிறகு, இங்கே சீட்டாடிய ரவுடிகளில் மூன்று பேர் சுடப்பட்டார்கள் என்பது கதை. பெருக்க வந்த அம்மா சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தாராம். போலீஸ் வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டால், உடலும் இல்லை, ரத்தமும் இல்லை. "ஒன்றும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போ" என்றார்களாம். உடல்கள் குகையின் பின்பக்கத்திலேயே எங்கோ புதைந்து கிடக்கின்றன என்று முடிக்கிறார் எங்களைக் கூட்டிப் போன அம்மா, குரலைப் பாதியாகத் தணித்து.

எனக்கு மகஜர் எழுதுகிற புத்தி விடவில்லை. கூட்டம் நகர்ந்ததும் நான் கிட்டப் போய் நின்றேன். குழிகள் எத்தனை, தரையிலிருந்து எத்தனை அடி, ஒன்றுக்கொன்று எத்தனை ஜாண். ஒரு குழியில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். ஓரம் எல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தது. தொண்ணூறு வருஷமாக என்னை மாதிரி எத்தனை பேர் விரல் விட்டார்களோ. இது குண்டுதான் என்று சொல்ல என்னால் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆனால் உடல் இல்லை, செத்தவன் பெயர் இல்லை, காணவில்லை என்று புகார் கொடுக்க ஒரு பெண்டாட்டி இல்லை, அண்ணன் தம்பி இல்லை. எங்கள் இன்ஸ்பெக்டரிடம் இப்படி ஒரு பைலைக் கொண்டுபோய் வைத்தால், பைலோடு சேர்த்து என்னையும் வெளியே எறிந்திருப்பார். இதை மகள் மூலம் அந்த அம்மாவிடம் சொன்னேன், என் உத்தியோகத்தையும் சொல்லி. அவர் கண்ணைச் சிமிட்டி, "கதையில் போலீஸே துடைத்துவிட்டுப் போனதாகத்தானே சொல்கிறோம், எஃப்.ஐ.ஆரை யார் எழுதுவது?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரைட்டரை மடக்கிவிட்டார்.

நிஜமாகவே என்னை உட்கார வைத்த சங்கதி அதற்கு அப்புறம்தான் வந்தது. அதற்குக் குகை தேவையில்லை, ஸ்டேஷன் போதும். 1900-த்தில் ஜான் ஓ'கானர் என்பவர் செயின்ட் பால் போலீஸ் தலைவர் ஆனார். இடையில் கொஞ்ச காலம் விட்டு 1920 வரை அவர்தான். அவர் போட்ட ஏற்பாடு இவ்வளவுதான்: வெளியூர்க் குற்றவாளி யார் வேண்டுமானாலும் இந்த ஊரில் வந்து தங்கலாம். வந்ததும் தகவல் கொடுக்க வேண்டும், மாமூல் கட்ட வேண்டும், ஊர் எல்லைக்குள் எந்தக் குற்றமும் செய்யக் கூடாது. வேறு ஊரில் என்ன செய்துவிட்டு வந்தாலும் கேள்வி இல்லை.

மகள் இதை மொழிபெயர்க்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள். எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. "நம்ம லிமிட்டுக்குள்ள எதுவும் வேண்டாம்ப்பா" என்கிற அந்த ஒரு வாக்கியம் எனக்குப் புதுசா? கண்டிஷன் பெயிலில் வந்தவன் தினம் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுவானே, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இங்கே கோர்ட் சொல்லிக் கையெழுத்து இல்லை, காசு கொடுத்துக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து வாங்கும் இடம் ஒரு சாராயக் கடை. கிரீன் லான்டர்ன் என்று பெயர். இதே வபாஷா தெருவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். டான் ஹோகன் என்பவர் உட்கார்ந்து வரவு வைத்துக்கொண்டிருந்தார். ரைட்டர் வேலைதான், வேறென்ன. 1928 டிசம்பரில் அவர் காரில் ஏறிக் கிளப்பியபோது குண்டு வெடித்துச் செத்தார்.

ஊர் சனங்களுக்கு இது பிடித்தும் இருந்திருக்கிறது. ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம், திருட்டுப் பயம் இல்லை. பக்கத்து ஊர் பேங்க்காரன்தானே பாவம். அந்த ஏற்பாடு எங்கே போய் முடிந்தது என்றால், மதுவிலக்கு முடியும் தறுவாயில் கள்ளச் சரக்கில் வருமானம் வற்றியதும், தங்கிச் சாப்பிட்ட வீட்டிலேயே கை வைத்தார்கள். 1933 ஜூனில் பார்க்கர்-கார்ப்பிஸ் என்ற கொள்ளைக் கும்பல் ஊரின் பீர் முதலாளி வில்லியம் ஹாமைக் கடத்தி 1,00,000 டாலர் வாங்கியது. 1934 ஜனவரியில் பேங்க்காரர் எட்வர்ட் பிரேமரைக் கடத்தி 2,00,000 டாலர். ஹாம் வழக்கில் முதலில் சம்பந்தமே இல்லாத ஒரு சிகாகோ கும்பலைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தி, அவர்கள் விடுதலை ஆனார்கள். அப்புறம் பணம் கேட்டு வந்த கடிதங்களில் வெள்ளி நைட்ரேட் தடவி, வியர்வை உப்பு கறுத்துத் தெரிந்த கைரேகையை வைத்துத்தான் சரியான ஆளுக்குப் போனார்கள். பொடி தூவிக் கைரேகை எடுப்பதை எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். காகிதத்தில் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். கடத்தலை விசாரிக்க நியமித்த போலீஸ்காரர் டாம் பிரவுன், முன்னாள் தலைவர், அவரே கும்பலுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் சாட்சியம் வந்தது. வேலை போனது. ஜெயிலுக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் கூட்டத்தில் இருந்தவர்கள் "ஓ" என்றார்கள். நான் சொல்லவில்லை.

பேய்க்கதையும் உண்டு. தொப்பி போட்ட ஆள் ஒருவர் பார் பக்கம் தெரிவாராம். விளக்கைக் கொஞ்சம் குறைத்ததும் என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். 40 வருஷத்தில் பொது இடத்தில் பிடித்தது இரண்டாவது தரம் என்று நினைக்கிறேன். போன வாரம் வேறொரு ஊரில் பேய் டூர் என்று ஒன்றுக்குப் போய் நொந்துபோய் வந்தோம். சொன்னவன் எல்லாவற்றையும் நேரில் பார்த்த மாதிரி சத்தியம் செய்தான், கேள்வி கேட்டால் முறைத்தான். இந்த அம்மா அப்படியில்லை. "இது பதிவில் இருக்கிறது", "இது ஊரில் சொல்வது" என்று இரண்டையும் இரண்டு குரலில் சொல்கிறார். அந்தக் காலத்துப் பேர்போன பேங்க் கொள்ளைக்காரன் ஜான் டிலிஞ்சரும், பார்க்கர் கும்பல் அண்ணன் தம்பிகளின் அம்மா 'மா' பார்க்கரும் இங்கே வந்து போனார்கள் என்பதை இரண்டாவது குரலில்தான் சொன்னார். கவனித்துக் கேட்டால் பிடிபடும்.

சாராயத்துக்கும் குகைக்கும் இந்த ஊரில் பழைய உறவு. செயின்ட் பால் ஊரே ஒரு சாராய வியாபாரியால் ஆரம்பித்ததுதான். பியர் பாரன்ட் என்ற பிரெஞ்சுக் கனடாக்காரன், 1838-ல், இதே ஆற்றின் ஓரம் இன்னொரு குகைக்கு அருகே குடிசை போட்டுச் சரக்கு விற்றான். ஒரு கண் குருடு, அதனால் பன்றிக்கண் என்று பட்டப்பெயர். ஊருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1841-ல் ஒரு பாதிரியார் வந்து கோயில் கட்டிப் புனிதர் பெயரை வைத்துக் காப்பாற்றினார். இல்லாவிட்டால் என் மகள் 'பன்றிக்கண் பக்கம் இருக்கேன்பா' என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள்.

முக்கால் மணி நேரத்தில் டூர் முடிந்துவிடுகிறது. ஏற இறங்கப் படிக்கட்டு என்று பெரிதாக இல்லை, என் முட்டிக்குப் பிரச்சினை வரவில்லை. கட்டாயம் ஸ்வெட்டர். குழந்தைகள் வரலாம். எங்களோடு வந்த ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் புதைத்த உடலைத் தேடித் தரையைத் தட்டிக்கொண்டே வந்தான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். டூர் பார்த்த உற்சாகத்தில் அதே மேட்டில் அடைத்து வைத்திருக்கும் வேறு பொந்துகளுக்குள் யாரும் தலையை விட வேண்டாம். 2004-ல் அப்படிப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் கார்பன் மோனாக்சைடு வாயுவில் செத்தார்கள். மணமும் இல்லை, நிறமும் இல்லை, தெரியவே தெரியாது. டூரில் கூட்டிப் போகும் இடம் வேறு, அந்தப் பொந்துகள் வேறு.

இதே வாசலிலிருந்து இரண்டு மணி நேர ரவுடி பஸ் டூரும் கிளம்புகிறது. நாங்கள் போன நாளில் இடம் இல்லை. அதனால் மருமகனே காரை எடுத்துக்கொண்டு லெக்சிங்டன் பார்க்வேயில் லிங்கன் கோர்ட் என்ற அபார்ட்மென்டுக்குக் கூட்டிப் போனார். 1934 மார்ச் 31-ஆம் தேதி டிலிஞ்சர் வேறு பெயரில் இங்கே குடியிருந்தபோது கதவைத் தட்டிய போலீஸ் ஆட்களை நோக்கிச் சுட்டுவிட்டு, காலில் குண்டு பட்டு, பின்வழியாக ஓடினான். இதற்குப் பதிவு இருக்கிறது, தேதி இருக்கிறது, வீட்டு எண் இருக்கிறது. ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை. சாதாரணச் செங்கல் கட்டடம். ஜன்னலில் ஒரு பூந்தொட்டி. ஒரு பெண் இரண்டு கையிலும் மளிகைப் பையோடு முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போனாள். மருமகன் இறங்கிப் போட்டோ எடுக்கட்டுமா என்றார். குடியிருக்கிற வீடு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குகையில் குழிக்கு முன்னால் நின்று பதினாலு போட்டோ எடுத்திருக்கிறோம்.

மகள் போனைக் கொடுத்து எத்தனை ஸ்டார் என்று கேட்டாள். அஞ்சு. கைக்குட்டை மணலைத் துவைக்கப் போடும்போது என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். "போலீஸ்காரரே, இது களவுச் சொத்தா?" என்றாள். பேப்பரில் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.